மூன்று டிவி உள்ள வீட்டுக்கு எந்த ஸ்ட்ரீமிங் பெட்டி? அறை அறையாக வைத்துப் பார்த்தது

வீட்டில் ஒரே ஒரு டிவி இருந்தால், நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்ற ஆப்களை ஓட்ட டிவியில் செருகும் ஸ்டிக்கில் எதை வாங்கலாம் என்று சொல்வது சுலபம், பெயர் தெரிந்த எதை வாங்கினாலும் ஓடும். இரண்டு மூன்று டிவி உள்ள வீட்டில் கதையே வேறு. தனியாக ஒவ்வொரு பெட்டியும் எவ்வளவு வேகம், படம் எவ்வளவு துல்லியம் என்பதெல்லாம் அங்கே பின்னுக்குப் போய்விடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஓடும்போது யாராவது ஒருவர் "இங்க நின்னுபோச்சு" என்று கத்தாமல் இருக்கிறார்களா, அதுதான் கேள்வி. இதை மனதில் வைத்துக்கொண்டு கூகுள் டிவி ஸ்ட்ரீமர், அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸ், ஆப்பிள் டிவி 4கே மூன்றையும் எங்கள் வீட்டில் அறை மாற்றி அறை வைத்துப் பார்த்தோம். ஹாலில் பெரிய 4கே டிவி, அப்பா அம்மா அறையில் பழைய ஃபுல் எச்டி டிவி, பிள்ளைகள் அறையில் ஒரு சின்ன டிவி. சாயங்காலம் ஆனால் மூன்றும் ஒன்றாக ஓடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா அறையிலும் ஒரே வகை மென்பொருள் இருக்கட்டும், ஹால் டிவிக்கு ரூட்டரிலிருந்து இணையக் கேபிள் (லேன் கேபிள்) போடுங்கள், சந்தா எடுக்கும்போது வீட்டில் எத்தனை டிவி என்று எண்ணாமல் ஒரே நேரத்தில் எத்தனை ஓடும் என்று எண்ணுங்கள். எந்த நிறுவனத்தின் பெட்டி என்பது இதற்கெல்லாம் அப்புறம்தான். எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது கூகுள் டிவி என்ற மென்பொருள். ஆனால் உங்கள் வீட்டுக்கும் அதுவேதான் சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன், காரணங்களைப் படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில் டிவியிலேயே இருக்கும் ஆப்களைப் பற்றி. புது டிவி வாங்கியவர்கள் எதற்குத் தனியாக ஒரு பெட்டி என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். சாம்சங் டிவியில் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், சோனியில் கூகுள் டிவி என்று ஒவ்வொன்றிலும் ஒரு மென்பொருள் இருக்கிறது, முக்கியமான ஆப்கள் எல்லாம் அதிலேயே கிடைக்கும். டிவி புதிதாக இருக்கும்வரை தாராளமாக அதையே பயன்படுத்தலாம். சிக்கல் சில வருடம் கழித்து வரும். டிவியின் திரை பத்து வருடம்கூட உழைக்கும், உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும் அவ்வளவு காலம் தாங்காது. 2019 டிசம்பரில் 2010, 2011 ஆண்டு சாம்சங் ஸ்மார்ட் டிவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது ஓர் உதாரணம். படம் பளிச்சென்று தெரிகிற டிவி, ஆனால் ஆப் மட்டும் இல்லை. அப்படிப்பட்ட டிவிக்கு ஒரு ஸ்டிக் செருகினால் மறு உயிர் வந்துவிடும். அப்பா அம்மா அறையில் இருப்பது இந்த ரகம்தான்.

இன்னொரு காரணம் பழக்கம். மூன்று அறையில் மூன்று விதமான முகப்புத் திரை இருந்தால் வீட்டில் வயதானவர்களும் குழந்தைகளும் ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனியாகப் பாடம் படிக்க வேண்டும். ஒன்றில் ஹோம் பொத்தான் மேலே, இன்னொன்றில் கீழே. ஒன்றில் பின்னால் போக ஒரு அழுத்து, இன்னொன்றில் அதே பொத்தான் ஆப்பையே மூடிவிடும். அம்மா ரிமோட்டைப் பார்த்து அழுத்துவதில்லை, கட்டைவிரல் தானாகப் போகிறது: ஹோம், இரண்டு தடவை வலது, ஓகே, அவருடைய தொடர் வந்துவிடும். இது ஹாலில் பழகிய கை. அதே கைக்கு படுக்கையறையிலும் அதே இடத்தில் அதே ஆப் இருந்தால் யாரையும் கூப்பிடாமல் அவரே பார்த்துக்கொள்கிறார். ஒரு வீட்டில் பல திரை வைக்கிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. 4கே, எச்டிஆர், டால்பி என்று படத் தரத்துக்கும் ஒலித் தரத்துக்கும் சொல்லும் பெயர்கள் எல்லாம் இதற்குப் பிறகு வரட்டும்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம்.

ஆப்பிள் டிவி 4கே, 2022இல் வந்த மாடல். மூன்றில் இதுதான் மிக வேகம், சந்தேகமே வேண்டாம். ஐஃபோனில் இருந்த ஏ15 சிப்பையே உள்ளே போட்டிருக்கிறார்கள், ஆப் திறப்பதில் தயக்கம் என்பதே இல்லை. பல திரைகள் உள்ள வீட்டுக்கு இதில் ஓர் அருமையான வசதி உண்டு: ஒரே கணக்கில் இருக்கும் எல்லா ஆப்பிள் டிவிகளிலும் முகப்புத் திரையை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஹாலில் ஓர் ஆப்பை இடம் மாற்றினால் படுக்கையறையிலும் அது தானாக மாறிவிடும். மேலே அம்மாவின் கட்டைவிரல் பற்றிச் சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் விலை. மூன்று அறைக்கும் இதை வாங்குவது பெரிய செலவு, அதுவும் சின்னப் பழைய டிவிக்கு இதன் திறமை எல்லாம் வீண். வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 64 ஜிபி மாடலில் லேன் கேபிள் செருக இடம் கிடையாது, 128 ஜிபி மாடலில்தான் உண்டு. கடையில் விலையைப் பார்த்துச் சின்னதை எடுத்து வந்துவிட்டு, வீட்டில் பின்பக்கம் திருப்பித் திருப்பித் தேடக் கூடாது. டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளும் பெட்டிக்குள் இருக்காது, தனியாக வாங்க வேண்டும்.

ஃபயர் டிவி ஸ்டிக் 4கே மேக்ஸ், 2023இல் வந்த இரண்டாம் தலைமுறை. 16 ஜிபி சேமிப்பு, வைஃபை 6இ வரை பிடிக்கும். டிவியின் பின்னால் மறைந்துவிடும் அளவுக்குச் சின்னது, சுவரோடு ஒட்டி மாட்டிய டிவிக்கு இதுதான் சௌகரியம். ஒன்றுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இதில் எனக்குப் பிடித்தது, வைஃபை பாஸ்வேர்டை அமேசான் கணக்கில் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்பது. அடுத்த அறைக்கு இன்னொன்று வாங்கிச் செருகும்போது ரிமோட்டை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தும் வேலை மிச்சம். இருபது எழுத்துப் பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். முகப்புத் திரையில் விளம்பரமும் பரிந்துரையும் நிறைய இடம் எடுத்துக்கொள்கின்றன, நமக்கு வேண்டிய ஆப்கள் அதற்கு நடுவில் ஒரு வரிசையில் இருக்கும், கண் பழகக் கொஞ்ச நாள் ஆகும். லேன் கேபிள் வேண்டுமென்றால் அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

கூகுள் டிவி ஸ்ட்ரீமர், 2024இல் வந்தது. பழைய குரோம்காஸ்ட் மாதிரி டிவிக்குப் பின்னால் தொங்காது, மேசைமேல் வைக்கிற சின்னப் பெட்டி. 4 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு, முக்கியமாக ஒரு கிகாபிட் லேன் துளை பெட்டியிலேயே இருக்கிறது. இதற்கு முந்தைய கூகுள் டிவி குரோம்காஸ்ட்டில் மொத்தமே 8 ஜிபிதான், அதில் மென்பொருள் போக மிச்சம் கொஞ்சம்தான். குடும்பத்தில் ஆளாளுக்கு ஓர் ஆப் கேட்கும்போது அது போதாது, 32 என்பது நிம்மதி. வேகத்தில் ஆப்பிளை எட்டாது, அன்றாடம் பார்க்க அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. பெட்டியின் பின்னால் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் ரிமோட் எங்கே கிடந்தாலும் அங்கிருந்து சத்தம் கொடுக்கும். சோஃபா இடுக்கு, போர்வைக்கு அடியில், புத்தகப் பையில் என்று ரிமோட் பயணம் போகிற வீட்டில் இந்த ஒரு பொத்தானுக்காகவே இதை வாங்கலாம் என்று சொல்வேன். இதிலும் எச்டிஎம்ஐ கேபிள் பெட்டிக்குள் வராது.

பிள்ளைகள் அறையில் இருக்கும் டிவியிலேயே கூகுள் டிவி இருப்பதால் அங்கே தனிப் பெட்டி தேவைப்படவில்லை. ஹாலுக்கும் அப்பா அம்மா அறைக்கும் ஸ்ட்ரீமர் வைத்தால் மூன்று அறையும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஆப்பிளைவிடச் செலவு குறைவு, ஃபயர் ஸ்டிக்கைவிடக் கூடுதல், ஆனால் மூன்று அறையும் ஒரே பேச்சு பேசுகிறது. எங்கள் முடிவுக்குக் காரணம் இதுதான். உங்கள் வீட்டில் எல்லோரிடமும் ஐஃபோன் இருந்து செலவும் பொருட்டில்லை என்றால் ஆப்பிள் எடுங்கள், மூன்றுமே பழைய டிவி, செலவை அடக்க வேண்டும் என்றால் மூன்றுக்கும் ஃபயர் ஸ்டிக் எடுங்கள். கலந்து மட்டும் எடுக்காதீர்கள்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும், அதில் இறங்காதீர்கள். அவற்றில் பல ஃபோனுக்கான ஆண்ட்ராய்டை டிவிக்கு ஒட்டவைத்தவை. படத்தைப் பாதுகாக்கும் வைட்வைன் என்ற ஏற்பாட்டில் எல்1 என்ற தரச்சான்று இல்லாத கருவிக்கு பெரிய சேவைகள் உயர்தரப் படத்தைக் கொடுப்பதில்லை. எல்3 மட்டும் இருந்தால் சாதாரணத் தரத்தில்தான் வரும். பெட்டிமேல் 8கே என்று அச்சடித்திருந்தாலும் திரையில் மங்கலாகத்தான் தெரியும். வாங்குவதற்கு முன் அந்தக் கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் சான்று இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தாலே பாதி கவலை தீர்ந்தது.

இனி ரிமோட். ஒரே வீட்டில் ஒரே மாதிரிப் பெட்டிகள் வைப்பதில் ஒரு விசித்திரமான தொல்லை உண்டு, இதை எந்த விமர்சனத்திலும் நான் பார்த்ததில்லை. இந்த ரிமோட்டுகள் பெட்டியோடு புளூடூத்தில் பேசுகின்றன, ஆனால் டிவியை ஆன் செய்வதும் ஒலியைக் கூட்டுவதும் பெரும்பாலும் பழைய அகச்சிவப்புக் கதிரில். புளூடூத் சுவரைத் தாண்டும், அகச்சிவப்பு தாண்டாது. ஹால் ரிமோட்டை யாரோ படுக்கையறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று வையுங்கள், இரண்டு டிவியும் ஒரே நிறுவனமாக இருந்தால் ரிமோட் படுக்கையறை டிவியைத்தான் ஆன் செய்யும், ஒலியும் அங்கே ஏறும் இறங்கும், ஆனால் ஓகே அழுத்தினால் ஹாலில் படம் நிற்கும். இரண்டு அறையிலும் ஆளுக்கு ஆள் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். தீர்வு சின்னது: ஒவ்வொரு ரிமோட்டின் பின்னாலும் அறைக்கு ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதோடு ஒவ்வொரு பெட்டிக்கும் செட்டிங்ஸில் அறையின் பெயரையே வைத்துவிடுங்கள், "ஹால்", "அப்பா அறை" என்று. ஃபோனிலிருந்து காஸ்ட் செய்யும்போது (ஃபோனில் இருப்பதை டிவியில் ஓடவிடுவது) வரும் பட்டியலில் ஒரே பெயர் மூன்று தடவை இருந்தால் எது எங்கே என்று எப்படித் தெரியும்?

காஸ்ட் என்றதும் இன்னொன்று. ஒரே வைஃபையில் இருக்கும் ஆண்ட்ராய்டு ஃபோன்களில் எல்லாம், யார் எந்த டிவியில் என்ன காஸ்ட் செய்கிறார்கள் என்று ஓர் அறிவிப்பு வரும், அதிலிருந்தே நிறுத்தவும் செய்யலாம். ஹாலில் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டை உள்ளே இருந்து ஒரு பொடியன் நிறுத்திவிட முடியும் என்று அர்த்தம். கூகுள் ஹோம் ஆப்பில் அந்தக் கருவியின் செட்டிங்ஸுக்குப் போய், மற்றவர்கள் காஸ்டைக் கட்டுப்படுத்த அனுமதிப்பதை அணைத்துவிட்டால் போதும்.

இப்போது மிக முக்கியமான விஷயம், வைஃபை. பல திரை வைத்த வீடுகளில் வரும் பத்துப் புகாரில் எட்டுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் எல்லோரும் முதலில் கையை வைப்பது இணையத் திட்டத்தின் வேகத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குப் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5. மூன்று டிவியிலும் ஒரே நேரத்தில் 4கே ஓடினால்கூட 45தான் ஆகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிற வீட்டில் மூன்று டிவியும் நான்கு ஃபோனும் ஓடியும் மிச்சம் இருக்கும். அப்படியிருக்க கடைசி அறையில் மட்டும் வட்டம் சுற்றுகிறது என்றால், வீட்டுக்குள் வரும் வேகத்தில் குறை இல்லை, ரூட்டரிலிருந்து அந்த அறைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. இணைய நிறுவனத்துக்கு ஃபோன் செய்தால் அவர்கள் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள், எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். மாறியிருந்தாலும் அந்த அறையில் ஒன்றும் மாறியிருக்காது.

எப்படிச் சோதிப்பது? ஃபோனில் வேகம் பார்ப்பதை விடுங்கள், ஃபோனின் ஆன்டெனாவும் வேறு, அது இருக்கும் இடமும் வேறு. டிவி இருக்கும் இடத்தில், டிவியின் உள்ளேயே பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் ஆப்பில் உதவிப் பகுதிக்குள் நெட்வொர்க்கைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே ஆப்பின் தேடலில் "டெஸ்ட் பேட்டர்ன்ஸ்" என்று போட்டால் ஒரு சோதனைப் படம் வரும், ஓடவிட்டால் திரையில் எந்தத் தரத்தில் படம் வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணாகவே காட்டும். 4கே சந்தாவுக்குக் காசு கொடுத்துவிட்டு 1080, அதாவது ஃபுல் எச்டி, பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஹாலுக்கு கேபிள் என்று முதலிலேயே சொன்னேன். ஹால் டிவிதான் பெரியது, அதில்தான் 4கே ஓடுகிறது, அதிக நேரமும் அதுதான் ஓடுகிறது. அதை கேபிளுக்கு மாற்றிவிட்டால் அந்தப் பாரம் முழுவதும் காற்றிலிருந்து இறங்கிவிடும், மிச்ச அறைகளுக்கு வைஃபை தாராளமாகக் கிடைக்கும். கேட் 5இ கேபிள் போதும், 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தாங்கும், கேட் 8 என்று விலை கூட்டி விற்பதை வாங்க வேண்டாம். ரூட்டரில் துளை போதவில்லை என்றால் ஒரு ஐந்து துளை நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கிச் செருகினால் சரி, அதில் செட்டிங்ஸ் எதுவும் செய்யத் தேவையில்லை. ஒரு நுணுக்கம்: கேபிளை டிவியின் லேன் துளையில் செருகாமல் ஸ்ட்ரீமரில் செருகுங்கள். ஆப் ஓடுவது ஸ்ட்ரீமரில், டிவிக்குக் கொடுத்து என்ன பயன்? அதோடு பெரும்பாலான டிவிகளில் அந்தத் துளை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது.

தூரத்து அறைக்கு மெஷ் வைக்கலாம், அதாவது ரூட்டரின் வைஃபையை வாங்கி மேலும் தூரம் கொண்டுபோகும் கூடுதல் பெட்டி, ஆனால் இடம் பார்த்து வைக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத அறையிலேயே கொண்டுபோய் இரண்டாவது பெட்டியை வைப்பவர்கள்தான் அதிகம். அந்தப் பெட்டிக்கே சிக்னல் கிடைக்கவில்லை என்றால் அது எதை எடுத்து உங்களுக்குக் கொடுக்கும், சொல்லுங்கள். ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், ரூட்டரின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். முடிந்தால் அந்த இரண்டு பெட்டிக்கும் நடுவில் மட்டும் ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள், ஏனென்றால் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பேண்ட் (அலைவரிசை) மட்டும் உள்ள மெஷ்ஷில் பெட்டிக்குப் பெட்டி பேசுவதும் பெட்டி டிவியோடு பேசுவதும் ஒரே அலைவரிசையில் நடக்கும், அங்கேயே பாதி வேகம் போய்விடும். பெட்டிமேல் ஏஎக்ஸ்3000 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது 2.4 கிகாஹெர்ட்ஸின் 574ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 2402ஐயும் கூட்டி மேலே உருட்டிய எண். ஒரு டிவி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடிக்கும்.

ஸ்டிக் வகை வாங்கியவர்களுக்கு ஒரு சின்ன வேலை. டிவியின் பின்பக்கம் உள்ளே நிறைய உலோகம், அதோடு ஒட்டிச் செருகிய ஸ்டிக்குக்கு சிக்னல் அடைபடும். ஃபயர் ஸ்டிக்கோடு பெட்டியில் ஒரு குட்டி எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் வரும், பலர் அதைத் திறக்காமலேயே எடுத்து வைத்துவிடுகிறார்கள். அதைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி விடுங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியும். மின்சாரத்தையும் டிவியின் யுஎஸ்பியிலிருந்து எடுக்காதீர்கள், சாதாரண யுஎஸ்பி 2.0 துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக் திணறி நடுவில் அணைந்து அணைந்து வரும். கூட வந்த அடாப்டரையே போடுங்கள். சமையலறையில் டிவி வைத்திருப்பவர்கள் அதை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, அது ஓடும்போதெல்லாம் 2.4 வைஃபை தடுமாறும்.

சந்தாவுக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் தேவைக்கு மேல் கொடுக்கிறார்கள், அல்லது குறைவாக எடுத்துவிட்டு வீட்டில் சண்டை போடுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸில் ஸ்டாண்டர்ட் திட்டத்தில் ஒரே நேரத்தில் 2 திரை, பிரீமியத்தில் 4. வீட்டில் ஐந்து டிவி இருக்கலாம், எல்லாவற்றிலும் லாகின் செய்துவைக்கலாம், அதற்குத் தடை இல்லை. ஒரே நேரத்தில் ஓடுவதற்குத்தான் கணக்கு. ஆப்பிளின் சேவையில் ஒரே நேரத்தில் 6 வரை ஓடும், குடும்பப் பகிர்வில் ஐந்து பேரைச் சேர்க்கலாம். யூடியூப் பிரீமியம் குடும்பத் திட்டத்தில் எடுப்பவர் தவிர ஐந்து பேர், ஆளுக்கு அவரவர் கணக்கு, ஆனால் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. நெட்ஃபிளிக்ஸும் 2023 முதல் பெரும்பாலான நாடுகளில் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு என்று கறாராகிவிட்டது, வேறு வீட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க வேண்டுமென்றால், அந்த வசதி உள்ள நாடுகளில் கூடுதல் கட்டணத்தில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும்.

திரை எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று ஆப் சொல்கிறது, ஆனால் வீட்டில் யாருமே பார்க்கவில்லை. இது நடக்கும், காரணமும் எளிது. டிவியை மட்டும் அதன் பொத்தானில் அணைத்துவிட்டுப் போகிறோம், ஸ்டிக் தனி அடாப்டரில் இருப்பதால் அது அணையவில்லை, இருட்டுத் திரைக்குப் பின்னால் அடுத்தடுத்த பாகம் தானாக ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு திரைக் கணக்கையும் பிடித்துவைத்திருக்கிறது. "இன்னும் பார்க்கிறீர்களா" என்று அது கேட்கும்வரை இப்படித்தான். டிவியின் செட்டிங்ஸில் எச்டிஎம்ஐ சிஇசி என்ற வசதியை ஆன் செய்யுங்கள், டிவி அணைந்தால் பெட்டியும் தூங்கிவிடும். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: சாம்சங்கில் எனிநெட் பிளஸ் (Anynet+), எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அந்தப் பெயரில் தேடினால்தான் கிடைக்கும்.

ப்ரொஃபைல் ஆளுக்கு ஒன்று கண்டிப்பாக வைத்துவிடுங்கள், நெட்ஃபிளிக்ஸில் ஐந்து வரை வைக்கலாம். இல்லாவிட்டால் ஹாலில் நீங்கள் பாதியில் விட்ட படத்தை உள்ளே வேறு யாராவது முடித்துவிடுவார்கள், அப்புறம் எங்கே விட்டோம் என்று தேடணும். பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு நான்கு இலக்கப் பின் போடலாம். பிள்ளைகள் அறையில் கூகுள் டிவியின் குழந்தைகள் ப்ரொஃபைலைப் போட்டிருக்கிறோம், எத்தனை மணி நேரம், எத்தனை மணிக்குத் தூக்கம் என்று வைத்துவிட்டால் நேரம் வந்ததும் அதுவே எச்சரித்துவிட்டு நிறுத்திவிடும். நாம் போய் அணைத்தால் வருகிற அழுகை பெட்டி அணைத்தால் அவ்வளவு வருவதில்லை, இதைப் பெற்றோர்கள் நம்பலாம்.

எல்லாம் சரியாக வைத்தும் ஹாலில் 4கே வரவில்லை என்றால் இரண்டு இடத்தைப் பாருங்கள். நடுவில் பழைய ஆடியோ ரிசீவர் வழியாகப் போகிறதா? அதில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு ஏற்பாடு இல்லை என்றால் 4கே அந்த வழியில் வராது. இரண்டாவது, டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளைக்கு முழு வேகம் திறந்திருக்கிறதா. பல டிவிகளில் இது அணைந்த நிலையில்தான் வருகிறது. ஒரே பெட்டியின் படத்தை ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டு டிவிக்குப் பிரிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு டிவி ஃபுல் எச்டி என்றால் பெரும்பாலும் இரண்டுக்குமே ஃபுல் எச்டிதான் போகும், இரண்டிலும் ஒரே படம்தான் ஓடும். இன்னொரு ஸ்டிக் வாங்குவதே மேல்.

ஒரு குறை மட்டும் எந்தப் பெட்டி வாங்கினாலும் தீராது, நேரலை மேட்ச். ஹாலில் ஒரு டிவி, உள்ளே ஒரு டிவி, இரண்டிலும் அதே மேட்ச், அதே ஆப். உள்ளே இருந்து "அவுட்" என்று சத்தம் வரும், ஹாலில் பந்து இன்னும் கையை விட்டே போயிருக்காது. நேரலையை ஆப்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அனுப்புகின்றன. பரவலாகப் பயன்படும் எச்எல்எஸ் முறையில் ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டின் நீளம் 6 விநாடி, ஆப் வழக்கமாக மூன்று துண்டாவது பின்தங்கித்தான் ஓட ஆரம்பிக்கும். அதாவது 18 விநாடி சும்மாவே போய்விட்டது. எந்த டிவி எப்போது ஆரம்பித்தது, நடுவில் எங்கே நின்று வாங்கியது என்பதைப் பொறுத்து டிவிக்கு டிவி சில விநாடி மாறும். இரண்டு டிவியிலும் ஆப்பிலிருந்து வெளியே வந்து ஒரே நேரத்தில் மறுபடி திறந்தால் ஓரளவு பக்கத்தில் வரும், முழுக்க ஒன்றாகாது. முக்கியமான மேட்ச் நாளில் எல்லோரும் ஹாலுக்கு வந்துவிடுவதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு, அன்றைக்கு மற்ற இரண்டு டிவிக்கும் ஓய்வு.

கடைசியாக, புதுப் பெட்டி வந்தபிறகு பழைய ஸ்டிக்கை யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு, அந்தந்த சேவையின் இணையதளத்தில் கருவிகள் பட்டியலுக்குப் போய் அதை லாக் அவுட் செய்துவிடுங்கள். உங்கள் கணக்கு அதில் இருந்தால் உங்கள் திரைக் கணக்கில் ஒன்று அவர்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.